மாதா திரும்பிப்போன வீடு

ஹொல்ஸ்டெப்ரோ
14 செப்டெம்பர் 2025

அன்புள்ள தங்கச்சி நிறோவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுத எனக்குப் பொறுமையில்லை. நேரே விசயத்துக்கு வருகிறேன்.

ஏன் கடுதாசி என்று யோசிப்பாய். போன மாதம் உனக்கென்று பேசி அனுப்பிய குரல்செய்தி கைதவறிச் செபமாலைக் குழுவுக்குப் போய்விட்டது. விமலராணி சுட்ட கேக்கைப் பற்றி நான் சொன்னதை டென்மார்க்கின் இந்த யூலண்டுப் பக்கத்தில் இருக்கிற தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் எல்லாம் கேட்டு முடித்துவிட்டன. விமலராணி திருப்பித் திருப்பிக் கேட்டாளாம். அன்றைக்கே தீர்மானித்தேன், மனதில் உள்ளதைச் சொல்வதென்றால் இனிக் கடுதாசிதான். ஒரு முத்திரை விற்கிற விலைக்கு ஒரு கோழி வாங்கலாம். பரவாயில்லை, கோழிக்கு இரகசியம் காக்கத் தெரியாது.

ஜூலையில் நீ என் குசினியில் நின்று வெங்காயம் வெட்டியபடி ஒரு கதை சொன்னாய். அமெரிக்காவில் ஆலைகள் எழும்பிய காலத்தில், ஒஹாயோப் பக்கத்துச் சின்னப் பட்டினங்களில், பெண்கள் கோயிலிலிருந்து வரிசையாகப் புறப்பட்டுப் போய்ச் சாராயத் தவறணை வாசல்களில் பனிக்குள் முழங்காலில் நின்று செபம் சொன்னார்களாம். சில கடைக்காரர் வெட்கம் தாங்காமல் பீப்பாய்களைத் தெருவுக்கு உருட்டிக் கவிழ்த்தார்களாம். நீ பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற பாடம் அது. உனக்குச் சொல்லிப் பழகிப்போனது. எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

நாங்களும் தொடங்கிவிட்டோம், நிறோ.

மடு மாதாவின் சுரூபம் ஒக்டோபர் தொடக்கம் அமலோற்பவ மாதா திருநாள் வரைக்கும் வீடு வீடாகப் போகிறதுதானே. காரின் பின் இருக்கையில் வைத்து இருக்கைப் பட்டி போட்டுக் கொண்டுபோவோம். போகிற வீட்டில் செபமாலை, பாட்டு, பிறகு ரோல்ஸ், கட்லட். அதற்குப் பிறகு ஆண்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள். நிலக்கீழ் அறையில் பார்த்தால் போத்தலோடு இருப்பார்கள். மாதாவுக்கு முன்னால் முழங்கால் மடித்தவன் கொஞ்ச நேரத்தில் கால் மடங்கி விழுகிறான். இந்த வருடம் அந்தக் கூத்து இல்லை. போத்தல் இருக்கிற வீட்டுக்குள் மாதா வரமாட்டா. வாசலில் நின்று பார்ப்போம், இருந்தால் திரும்பிவிடுவோம். குழுவில் இருக்கிற பெண்கள் எல்லோரும் சம்மதம். விமலராணிகூட கேக்கை மறந்துவிட்டு என் பக்கம் நிற்கிறாள். சுவாமியிடம் சொன்னோம். அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, சிரித்தார்.

எங்கள் லோரன்ஸ் அண்ணை வீட்டு முறை ஒக்டோபர் பதினெட்டு, சனிக்கிழமை. ஹோர்சன்சில் அவருடைய அந்த நிலக்கீழ் அறையை நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதறும். உன் அத்தான் ஜோனாஸ் கடைசியாகக் குடித்துவிட்டுக் காரை எடுத்தது அந்த அறையிலிருந்துதான். நாலு வருடமாகிறது. அண்ணையை நான் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை, வாய்விட்டு. இப்போது அவருக்கு ஈரல் வீங்கியிருக்கிறதென்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஜோனாஸைத் தடுக்க எனக்கு வழி தெரியவில்லை. அண்ணையைத் தடுத்தே தீருவேன். அவரும் செத்தால் என்னால் தாங்க முடியாது.

உன் மனுசன் கிரிக்கும் பிள்ளை நந்திதாவுக்கும் என் அன்பு.

உன் அக்கா
விக்ரோரியா

இஷொய்
28 செப்டெம்பர் 2025

அன்புள்ள அக்கா,

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழில் எழுதுகிறேன். பிழை இருந்தால் நீங்கள் சிரிக்கலாம், குழுவுக்கு அனுப்பக்கூடாது.

உங்கள் கடிதத்தைக் கிரிக்கு வாசித்துக் காட்டினேன். "உங்க அக்கா பெரிய லீடர் தான்" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்குக் குசினியில் நான் பாதிக் கதைதான் சொன்னேன். வெங்காயம் முடிந்துவிட்டது, கதையும் நின்றுவிட்டது. மற்றப் பாதியையும் கேளுங்கள்.

அந்தக் காலத் தவறணைகளில் குடித்தவர்கள் யார்? பெரிய நகரங்களிலே உருக்கு ஆலையிலும் இறைச்சி ஆலையிலும் விடிந்தது முதல் இருட்டும் வரை நின்றவர்கள். அயர்லாந்துக்காரர், ஜெர்மன்காரர், போலந்துக்காரர். பலர் எங்களைப்போலக் கத்தோலிக்கர், எங்களைப்போல வந்தேறியவர்கள். வாடகை அறையில் குளிர்காய நெருப்பில்லை, தவறணையில் இருந்தது. ஊரிலிருந்து வந்த கடிதத்தை வாசித்துக் காட்ட அங்கே ஆள் இருந்தது. எந்த ஆலையில் வேலை இருக்கிறதென்று அங்கேதான் தெரியவரும். தொழிற்சங்கம் கூடுவதற்கு வேறு யாரும் மண்டபம் கொடுக்காத ஊர்களில், கூடியது தவறணைப் பின்னறையில். வாசலில் முழங்காலில் நின்றவர்களில் பலர் வசதியான வீட்டுப் பெண்கள். அவர்களில் சிலருக்குக் குடியை மட்டுமல்ல, அந்த மனிதர்களையே கழுவித் துடைக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. ஆலை முதலாளிமாரும் மதுவிலக்கை விரும்பினார்கள். குடிக்காதவன் திங்கட்கிழமை வேலைக்கு வருவான் அல்லவா?

அதேநேரம், வீட்டுக்கு வெளியே வாய் திறந்திராத பெண்கள் தெருவில் நின்று பேசப் பழகியதும் அந்த வாசல்களில்தான். பிறகு அவர்களில் பலர் வாக்குரிமை கேட்டார்கள், சின்னப் பிள்ளைகளை ஆலையில் வேலை வாங்காதே என்றார்கள். கடைசியில் மதுவிலக்கு நாடு முழுவதற்கும் சட்டமாகி, பதின்மூன்று வருடத்தில் தோற்றும் போனது. இதை நல்லது என்று படிப்பிப்பதா, கெட்டது என்று படிப்பிப்பதா என்று ஒவ்வொரு வருடமும் எனக்குக் குழப்பம். இந்த வருடம் வகுப்பில் ஒரு பிள்ளை, அந்தப் பெண்களில் யாராவது உள்ளே போய் இருந்து கதைத்தார்களா என்று கேட்டாள். தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

அண்ணையின் அறையும் அப்படிப்பட்ட அறைதான் அக்கா. அவர் இறைச்சித் தொழிற்சாலையில் சங்கப் பிரதிநிதியாக இருந்த காலத்தில் நான் அந்தப் படியில் இருந்து வீட்டுப்பாடம் செய்திருக்கிறேன். டெனிஷ் தெரியாமல் வந்தவர்களுக்கு அவர் அங்கே வைத்துத்தான் சங்கத்துக் கடதாசிகளை வாசித்து விளங்கப்படுத்துவார். தோள் பழுதாகி வேலையிலிருந்து நின்ற பிறகு போத்தல் மட்டும் மிஞ்சியது. நீங்கள் கண்டது அதைத்தான்.

ஒரு உதவி செய்யுங்கள். பதினெட்டாம் திகதிக்கு முன்னம், மாதா இல்லாமல், குழு இல்லாமல், நீங்கள் தனியாகப் போய் அவரோடு கதையுங்கள்.

அன்புடன்
நிறோஷினி

ஹொல்ஸ்டெப்ரோ
20 ஒக்டோபர் 2025

நிறோவுக்கு,

முதலே போய்க் கதைக்கச் சொன்னாய். போகவில்லை. முதியோர் இல்லத்தில் இரண்டு பேர் சுகவீன லீவு, அவர்களுடைய வேலையையும் நான்தான் இழுத்தேன். இப்படி எழுதினால் நீ நம்புவாயோ தெரியாது.

சனிக்கிழமை பின்னேரம் கார்களில் போனோம். சுரூபத்தை விமலராணி தூக்கி வந்தாள், நான் முன்னால் நடந்தேன். அண்ணை வீட்டு வாசலில், கதவுக்குப் பக்கத்தில், இரண்டு பெரிய பிளாஸ்டிக் பைகள் நிறையப் பியர்த் தகர ரின்கள். ஒரு பை சரிந்து ரின்கள் படியில் உருண்டு கிடந்தன. மணம் மூக்கில் அடித்தது.

மணி அடிக்கமுன்னம் அண்ணை கதவைத் திறந்தார். வெள்ளைச் சேட் போட்டுத் தலை வாரி இழுத்திருந்தார். பின்னால் மேசையில் வெள்ளை விரிப்பும் மெழுகுதிரியும் தெரிந்தன. நான் அவரைப் பார்த்தேன், பைகளைப் பார்த்தேன். விமலராணி என்னைப் பார்த்தாள். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். என் கூடப்பிறந்தவர் என்று நான் உள்ளே கால் வைத்தால் நாளைக்கு அடுத்த வீட்டுக்காரன் என்ன கேட்பான்? "திருப்புங்கோ" என்று சொன்னேன்.

அண்ணை, "விக்ரோரியா, ஒருக்கால் நிண்டு கேள்" என்றார். நான் நிற்கவில்லை.

திரும்பி வரும்போது காருக்குள், குழுவில் இருக்கிற பிரியந்தி என் கையைப் பிடித்து, நீங்கள் செய்ததுதான் சரி அக்கா, சொந்த அண்ணை என்றும் பார்க்கவில்லையே என்றாள். நானும் சரி என்றுதான் நினைக்கிறேன். சரி என்கிற எழுத்து மட்டும் கோணிப்போயிருக்கிறது. ஹீற்றரை இன்னும் போடவில்லை, குளிர்.

ரெலிபோன் எடுத்தால் அவர் எடுக்கிறார் இல்லை. உனக்கு எடுத்தவரா?

விக்ரோரியா

இஷொய்
25 ஒக்டோபர் 2025

அக்கா,

எனக்கு எடுத்தார். சனிக்கிழமை, நீங்கள் திரும்பிய கையோடு.

அவை வெறும் ரின்கள். திருப்பிக் கொடுக்க வைத்திருந்தவை. டென்மார்க்கில் இத்தனை வருடம் இருக்கிறீர்கள், நீங்களே சோடாப் போத்தல்களைச் சேர்த்துப் பையில் கட்டிக் கடை மெஷினில் போட்டுக் காசு திருப்பி வாங்குகிறவர்தானே. அது உங்களுக்குத் தோன்றவில்லையா? மாதா வருகிறா என்று அன்றைக்குக் காலமை நிலக்கீழ் அறையில் கிடந்தது அத்தனையையும் அவர் தன் பழுதான தோளில் சுமந்து மேலே கொண்டுவந்தார். கடைக்குப் போனால் மெஷின் பழுது. திரும்பிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுக் குளித்து உடுப்பு மாற்றியிருக்கிறார், நீங்கள் வந்துவிட்டீர்கள்.

அவர் செப்டெம்பர் கடைசியில் குடியை நிறுத்தியிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் வருகிறவர்களிடம் இனி வராதேயுங்கோ என்று சொல்லியிருந்தார். உங்களுக்குச் சொல்லவில்லை. நீங்கள் வந்து கண்ணால் பார்க்கட்டும் என்று இருந்தாராம்.

அன்றைக்கு ரெலிபோனில் அவர் குரல் தெளிவாக இருந்தது. திங்கட்கிழமை நான் எடுத்தபோது குழறியது.

போத்தல் இருக்கிற வீட்டுக்கு மாதா வரமாட்டா என்பது உங்கள் விதி. போத்தல் வீட்டை விட்டுப் போகிற நேரம் பார்த்து நீங்கள் வந்து திரும்பியிருக்கிறீர்கள். குழு முழுவதையும் கூட்டிக்கொண்டு போய் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். யார் யார் பார்க்கத் திரும்பினீர்களோ அவர்கள் பார்க்க.

இன்னொன்றும் எழுதவா விடவா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதுகிறேன். நீங்கள் அண்ணையின் குடியைத் தடுக்கப் போகவில்லை. ஜோனாஸ் அத்தானுக்காக அவரைத் தண்டிக்கப் போனீர்கள்.

நிறோஷினி

ஹொல்ஸ்டெப்ரோ
2 நவெம்பர் 2025

நிறோஷினிக்கு,

இன்றைக்குக் கல்லறைத் திருநாள். உன் கடுதாசியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு உன் அத்தானிடம் போனேன். மெழுகுதிரி காற்றில் நிற்கவில்லை. அங்கேயே நின்று இன்னொரு தரம் வாசித்தேன்.

ஓம், தண்டிக்கத்தான் போனேன். அதைக் கண்டுபிடிக்க நீ இவ்வளவு படித்திருக்கத் தேவையில்லை.

தவறணைக்குள் இருந்த ஆண்களைப் பற்றி உன் புத்தகங்களில் வடிவாக எழுதியிருக்கிறார்கள். வீட்டில் இருந்தவளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது? அந்தக் காலத்தில் சம்பளம் அவன் கையில், வீடு அவன் பெயரில். அவள் எங்கே போவாள், யாரிடம் சொல்லுவாள்? முழங்காலில் நிற்பது ஒன்றுதான் அவளுக்கு விட்டிருந்த வழி. எனக்குச் சட்டம் எல்லாம் இருந்தது. நகரசபைக் கொம்யூன் இருந்தது, சமூக சேவகி இருந்தா, சொந்தச் சம்பளம் இருந்தது. இருந்தும் வெள்ளிக்கிழமை இரவுகளில் யன்னலடியில் நின்று ஒவ்வொரு காரின் வெளிச்சத்தையும் பார்த்துக்கொண்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? செபமாலைதான் சொன்னேன். அப்போது யாரும் வந்து எனக்குக் கதையின் மற்றப் பாதியைச் சொல்லவில்லை.

தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

மன்னிப்புக் கேள் என்கிறாய். வெறும் ரின் என்றாலும் அது குடித்து முடித்த ரின்தானே. வாசலில் கிடந்தால் வாற சனம் என்ன நினைக்கும் என்று அவருக்கு ஒரு யோசனை இருந்திருக்க வேண்டாமா? இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சொல்லச் சொல்ல எனக்கே வாய் கைக்கிறது.

சரி, என்னை விடு. நீ கடைசியாக ஹோர்சன்சில் இறங்கியது எப்போது? ரெயில் அங்கே நிற்கும். ஜூலையில் எங்களிடம் வரும்போதும் காரில் அந்தப் பக்கத்தால்தான் வந்தாய், இறங்கவில்லை. அண்ணை என்னிடம் கேட்டார், நிறோ வந்து போனவளோ என்று. இல்லை, அவளுக்கு இந்த முறை நேரமில்லையாம் என்று நான்தான் உனக்காகச் சமாளித்தேன். ஊருக்கு உபதேசம் செய்வது சுகம், அதுவும் இஷொயில் இருந்துகொண்டு.

எங்கள் தெருச் சிவப்புத் தபால்பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இதைக் கடையில் கொண்டுபோய்த்தான் கொடுக்க வேண்டும். வருட முடிவோடு தபால்காரர் கடிதம் கொண்டுவருவதே நிற்கிறதாம். என்மேல் உள்ள கோபம் எல்லாவற்றையும் அதற்குள் எழுதி முடித்துவிடு.

விக்ரோரியா

இஷொய்
17 நவெம்பர் 2025

அன்புள்ள அக்கா,

ஹோர்சன்சில் இறங்கினேன். வெள்ளிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை வந்தேன்.

நீங்கள் எழுதியது எனக்கு நல்லாகச் சுட்டது. சுட்டபடியால்தான் போனேன்.

கதவு பூட்டியிருக்கவில்லை. அண்ணை சாய்கதிரையில் படுத்திருந்தார். மேசையில் அந்த வெள்ளை விரிப்பு இன்னும் எடுக்கப்படாமல் கிடந்தது, அதில் கிளாஸ் வைத்த வட்டங்கள். என்னைக் கண்டதும் எழும்பி, தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குப் போனார். கை நடுங்கிக் கேத்தலைப் பிடிக்க முடியவில்லை. நான் வாங்கிக்கொண்டேன்.

பின்னேரம் சிந்துஜன் சூப் கொண்டுவந்தார். களஞ்சியத்தில் வேலை செய்கிறவர், முன்பு வெள்ளிக்கிழமைகளில் வந்த ஆட்களில் ஒருவர். ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்களாம். அண்ணையைக் குடிக்க வைத்தவர்களும் அவர்கள்தான், இப்போது பட்டினி கிடக்க விடாதவர்களும் அவர்கள்தான்.

சனிக்கிழமை அவர் கொஞ்சம் தெளிவாக இருந்தபோது உங்களைப் பற்றிக் கதை வந்தது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மாதா வராமப் போனது எனக்குப் பெரிசில்லை. அவ எங்கயும் இருப்பா. தங்கச்சி வாசல் வரைக்கும் வந்திட்டு, நான் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் போயிற்றாள்."

குடிப்பழக்கத்துக்கான ஆலோசனை நிலையத்துக்கு எடுத்துக் கதைத்தேன். வைத்தியரைக் காணும் திகதி டிசெம்பர் நடுப்பகுதியில்தான் கிடைத்தது. அங்கே பேசிய தாதி ஒரு விசயத்தைக் கடுமையாகச் சொன்னா. இவ்வளவு குடிக்கிற ஒருவர் சடாரென்று நிறுத்தக்கூடாது, வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். செப்டெம்பரில் தப்பியது அதிர்ஷ்டம். வைத்தியர் பார்க்கும்வரை யாராவது கூட இருந்து அளந்து கொடுத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். தனியாக விடக்கூடாது.

எங்களிடம் வரச்சொல்லிக் கேட்டேன். மாட்டேன் என்றுவிட்டார். "உன்ர வீட்டில பிள்ளையோட கதைக்கவே எனக்கு டெனிஷ் வேணும். இந்தக் குழறுற நாக்கோட என்னண்டு கதைக்கிறது" என்றார். நந்திதா அவரோடு டெனிஷில்தான் கதைப்பாள், அது உண்மை. நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. திங்கட்கிழமை வகுப்பு இருந்தது. ஞாயிறு ரெயில் ஏறிவிட்டேன்.

இன்றைய பாடம் என்ன தெரியுமா அக்கா? அதே அமெரிக்கா, சிக்காகோ. அங்கே சில படித்த பெண்கள் ஏழைகளின் தெருவுக்கு உதவி செய்யப் போய்ப் போய் வருவதில் பிரயோசனமில்லை என்று கண்டு, அந்தத் தெருவிலேயே ஒரு வீட்டை எடுத்துக் குடியேறிவிட்டார்கள். போன பிறகுதான் தாங்கள் கொண்டுபோன திட்டம் பாதி பிழை என்று அவர்களுக்கு விளங்கியது. இதைச் சொல்லிக்கொண்டு வந்தவள் நடுவில் நின்றுவிட்டேன். பிள்ளைகள் நான் ஏதோ தேடுகிறேன் என்று நினைத்துக் காத்திருந்தார்கள்.

போன கடிதத்தில் தண்டனையைப் பற்றி எழுதினேன். அந்தக் கடிதமும் உங்களைத் தண்டிக்கத்தான் எழுதப்பட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

அண்ணை இப்போது தனியாக இருக்கிறார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

நிறோ

ஹொல்ஸ்டெப்ரோ
9 டிசெம்பர் 2025

என் அன்புத் தங்கச்சி நிறோ,

அண்ணை இங்கே இருக்கிறார். உன் கடுதாசி வந்த அன்றே லீவு சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். உனக்கு ரெலிபோனில் சொல்லியிருக்கலாம். சொல்லப் போனால் அழுதிருப்பேன்.

அவர் வாசலில் நான் நின்றபோது என்ன சொல்வதென்று வழி முழுக்கப் பாடமாக்கிக்கொண்டு போனது ஒன்றும் ஞாபகத்தில் வரவில்லை. "அண்ணை, நான் அண்டைக்கு உள்ள வந்திருக்க வேணும்" என்றேன். அவர் கதவை அகலத் திறந்து, "இப்ப வா" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய் அவருடைய உடுப்புகளைக் கட்டினேன்.

காரில் வரும்போது, ஹெர்னிங் தாண்டியிருப்போம், அவர் தானாகவே சொன்னார். "ஜோனாஸின்ர சாவியை நான் எடுத்து வைச்சிருக்க வேணும்." அந்த ஒரு வசனத்துக்காக நான் நாலு வருடம் காத்திருந்திருக்கிறேன் என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஓரமாகக் காரை நிறுத்திவிட்டு அழுதேன். அவரும் அழுதார். லொறிகள் போய்க்கொண்டிருந்தன.

மகன் றொனிஷன் படிக்கப் போன பிறகு அவன் அறை சும்மாதான் கிடந்தது. அதில் அண்ணை படுக்கிறார். தாதி சொன்னபடி அளந்து கொடுக்கிறேன். நான், ஜோனாஸின் பெண்சாதி, இந்தக் கையால் போத்தலைத் திறந்து அளந்து ஊற்றுகிறேன். முதல் நாள் அந்த மணத்துக்கு யன்னலைத் திறந்து வைத்தேன். இப்போது மருந்து கொடுக்கிற மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குறைகிறது. அடுத்த கிழமை வைத்தியர். நீ எடுத்துக் கொடுத்த திகதிதான்.

மற்ற விசயம் உனக்குத் தெரியும், மாதா வருகிற கடைசி வீடு என்னுடையது. சனிக்கிழமை எல்லோரும் வருவதாக இருந்தது. குசினி அலுமாரியில் போத்தல்.

விமலராணி அதற்கு முதல் நாள் ரெலிபோன் எடுத்தாள். அவளுக்கு விசயம் எப்படியோ தெரிந்திருக்கிறது. அது மருந்து மாதிரித்தானே அக்கா, நாங்கள் காணாத மாதிரி இருந்துவிடுவோம் என்றாள். என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னாள். அந்தக் கேக்கைப் பற்றி நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. ஆனால் எனக்கு மட்டும் ஒரு சலுகை என்றால் அண்ணை வீட்டு வாசலில் நான் செய்தது என்ன? வரட்டும், வாசலில் கதைப்போம் என்றேன்.

வந்தார்கள். அண்ணை உள்ளே மேசையில் இருந்தார். நான் வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். வீட்டில் போத்தல் இருக்கிறது என்றேன். அண்ணை வீட்டு வாசலில் நாங்கள் கண்டது கடைக்குத் திருப்பிக் கொடுக்க வைத்த வெறும் ரின், என் பிழைதான் என்றேன். இந்த விதியை நான்தான் கொண்டுவந்தேன், இப்போது எடுத்துவிடுவோம், எல்லா வீட்டுக்கும் எடுத்துவிடுவோம், நாளைக்கே அண்ணையையும் ஏற்றிக்கொண்டு மாதாவை ஹோர்சன்சுக்கும், திரும்பிவந்த மற்ற வீடுகளுக்கும் கொண்டுபோவோம் என்றேன். எல்லோரும் சம்மதிப்பார்கள் என்று நினைத்தேன்.

பிரியந்தி முன்னுக்கு வந்தாள். அன்றைக்குக் காரில் என் கையைப் பிடித்தவள். கண் கலங்கியிருந்தது. "எங்கட வீட்டில இந்த வருசம்தான் அக்கா மனுசன் குடிக்காம நத்தார் வருது. மாதா திரும்பிப் போயிருவா எண்ட பயத்திலதான். தயவுசெய்து எடுக்காதேங்கோ."

அவள் யன்னலடியில் நிற்கத் தேவையில்லாமல் போன முதல் வருடம் இது. நீ எழுதியிருந்தாயே, நல்லது என்று படிப்பிப்பதா கெட்டது என்று படிப்பிப்பதா என்று. எனக்கும் அதே குழப்பம்தான் வந்தது, வாசலில், அத்தனை பேருக்கும் நடுவில். விதியை எடு என்று அதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. எனக்காக மட்டும் வளையுங்கள் என்று கேட்கவும் மனமில்லை. விமலராணி மாதாவைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். நான் தலையாட்டினேன். திரும்பினார்கள்.

அத்தனை பேரும் திரும்பி நடப்பதை வாசலில் நின்று பார்த்தேன். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு நானும் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. அண்ணைக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கத்தான் தாங்க முடியவில்லை. அவர் உள்ளேயிருந்து, "கதவைச் சாத்து, குளிர் வருது" என்றார்.

சாத்திவிட்டு வந்து இருவரும் செபமாலை சொன்னோம். அத்தனை பேருக்கும் சுட்ட ரோல்ஸில் ஆளுக்கு இரண்டு சாப்பிட்டோம். மிச்சம் பிறீசரில் இருக்கிறது. நத்தாருக்கு நீ கிரியையும் நந்திதாவையும் கூட்டிக்கொண்டு வந்தால் உனக்குத்தான். பிள்ளை டெனிஷில் கதைக்கட்டும், அண்ணையின் நாக்கு குழறினால் நான் எடுத்துச் சொல்கிறேன்.

பிறகு அவருக்குக் கொடுக்கிற நேரம் வந்தது. நான் ஊற்றிக்கொண்டு போனேன். அவர் கிளாஸைத் தள்ளி வைத்தார். "இண்டைக்கு வேண்டாம். என்னாலதானே உன்ர வீட்டுக்கும் மாதா வராமப் போனது. இனி ஒரு சொட்டும் வேண்டாம்." கை நடுங்கிக்கொண்டிருந்தது, நெற்றியில் வியர்வை, தாதி சொன்ன வலிப்புத்தான் எனக்கு ஞாபகத்தில் வந்தது. அவர் கண்ணில் உண்மை இருந்தது நிறோ, அன்றைக்கு வெள்ளைச் சேட்டோடு நின்றபோது இருந்த அதே உண்மை.

நான் அவருக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். கிளாஸை எடுத்து அவருடைய கையில் வைத்து, சிந்தாமல் என் கையாலும் பிடித்துக்கொண்டு, "குடியுங்கோ அண்ணை" என்றேன்.

உன் அக்கா
விக்ரோரியா